ஏழாம் வகுப்பு, அத்திப்பள்ளி

போச்சம்பள்ளி
10.05.2025

மேரிக்கு,

மரியே வாழ்க. கவரைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்திருப்பாய். நான்தான், சூசை. போனில் என் நம்பரை நீ அடைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் ஓசூர் கோவிலுக்குப் போய் ஃபாதரிடம் புலம்பினேன். "நேர்ல பேசுனா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் முடிக்க வுடமாட்டீங்க. எழுதுங்க. காயிதத்துல குறுக்க பேச முடியாதில்ல?" என்றார். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

நம் பிள்ளை ரெனிட்டாவின் பிளஸ் டூ மார்க்கை நெட்டில் பார்த்தேன். கணக்கு எழுபத்தெட்டு, இயற்பியல் எழுபத்தொன்பது, வேதியியல் எண்பத்திரண்டு. எஞ்சினியரிங் கட்ஆஃப் போடும்போது கணக்கை முழுசாக எடுத்துக்கொள்கிறார்கள், மற்ற இரண்டையும் பாதிப் பாதி. ஆக இருநூற்றுக்கு நூற்று ஐம்பத்தெட்டரை. மூன்று தடவை கூட்டிவிட்டேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அசோக்குமார் போன வருஷம் எந்தக் கல்லூரி எந்தக் கட்ஆஃபில் மூடியது என்ற பட்டியலை எடுத்துக் கொடுத்தான். எண்பது பக்கம். ஷிஃப்ட் முடிந்து வந்து இரண்டு நாளாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனியில் வரும் பீஸை எப்படிப் பிரிப்பேனோ அப்படியே கல்லூரிகளையும் மூன்று தொட்டியாகப் பிரித்திருக்கிறேன். பச்சைத் தொட்டி என்றால் நிச்சயம் கிடைக்கும். மஞ்சள் என்றால் முட்டிப் பார்க்கலாம். சிவப்பு நமக்கில்லை.

சந்தோஷச் செய்தி என்னவென்றால் பர்கூர் அரசுக் கல்லூரி பச்சைத் தொட்டியில் இருக்கிறது. பொதுப்பட்டியலில் அது சிவப்புதான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு ஏழரை சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறதே, அதில் நம் பிள்ளைக்கு இடம் உறுதி. ஃபீஸ், விடுதி எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம். நான் போச்சம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், நீ அனுமதித்தால்.

பட்டியலை இணைத்திருக்கிறேன். பச்சையில் இருப்பதை முதலில் போடச் சொல்.

சூசை

*

ஓசூர்
14.05.2025

ரெனிட்டா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. ஃபாதர் எனக்கும் சொன்னார், அதனால்தான் எழுதுகிறேன்.

மார்க்கைக் கூட்டத் தெரிந்தவருக்கு அந்த மார்க் ஏன் அவ்வளவு என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லையா? பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள். பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஜனவரியில், துணிப்பையை எடுத்துக்கொண்டு "டிரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கிட்டேன், நிம்மதியா இரு" என்று போனவர் நீங்கள். போனதோடு விட்டீர்களா? பிப்ரவரி முழுக்க தினமும் போனில் சண்டை. பக்கத்து அறையில் பிள்ளை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நம் சண்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். நம்பரை நான் சும்மா அடைக்கவில்லை.

அவளைத் தொட்டியில் போட்டுப் பிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பட்டியலை அவளிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பார்த்தாள். "அப்பா கையெழுத்து ஏம்மா இப்பிடி ஆயிடுச்சு?" என்று மட்டும் கேட்டாள். பர்கூர் என்று எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன்.

எங்கள் கம்பெனி எச்.ஆர். விமல்ராஜ் சார் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளை லைனுக்கு எடுக்கிறார். என் பிள்ளை என்பதால் ஒரு இடம் எடுத்து வைத்திருக்கிறாராம். ஜூன் பத்துக்குள் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷமாக நின்றுகொண்டே வயர் கட்டுகிறேன், இரண்டு குதிகாலும் போய்விட்டது. பிள்ளைக்கும் அதே கம்பெனித் தொப்பியா என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. பர்கூர் கிடைத்தால் அவர் கொடுத்த வேலை ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அரசுப் பள்ளியில் படித்த சான்று வாங்கப் போகிறோம்.

அருள்மேரி

*

ஓசூர்
20.05.2025

ரெனிட்டா அப்பாவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்று பள்ளிக்கூடம் போனோம். நிர்மலா டீச்சர்தான் இப்போது தலைமையாசிரியர். ரெனிட்டாவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தார். திறந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, இந்தப் பிள்ள ஏழாவது இங்க படிக்கலியே? அத்திப்பள்ளியில இல்ல படிச்சிருக்கு?"

"ஆமாங்க டீச்சர். அதுவும் கவருமெண்டு ஸ்கூலுதாங்க."

"கவருமெண்டுதான். எந்தக் கவருமெண்டு?"

எனக்கு முதலில் புரியவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருஷமும் படித்திருக்க வேண்டுமாம். ஒரு வருஷம் குறைந்தாலும் ஒதுக்கீடு கிடையாதாம். அத்திப்பள்ளி கர்நாடகம். ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டினால் வேறு அரசாங்கம். தக்காளி விலை குறைவு என்று காலையில் போய்ச் சந்தையில் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுகிற ஊர். நம் தெருவில் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அது வேறு மாநிலம் என்று யார் நினைத்தோம்?

"எட்டுலேருந்து இங்கதான படிச்சா, அப்ப தமிழ்நாட்டுப் பிள்ளதான டீச்சர்?" என்று கேட்டேன். "பொதுக் கவுன்சிலிங்குக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளதாம்மா. ஏழரைக்கு மட்டும் இல்ல. நான் என்ன பண்ணட்டும், என் கையில இருந்தா இப்பவே போட்டுக் குடுத்துருவேன்" என்றார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

ரெனிட்டா ஷேர் ஆட்டோவில் வரும்போது வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வருஷம் நாங்கள் ஏன் அத்திப்பள்ளியில் இருந்தோம் என்று உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? 2019 ஜூன் மாதம், கம்பெனி பஸ் ஸ்டாப்பில், என்னோடு இறங்கிய பதினோரு பெண்கள் நிற்க, "யாரு பக்கத்துல ஒக்காந்துக்கினு வந்த?" என்று கேட்டீர்களே, அந்த வருஷம். அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வீட்டுக்கு எதிரே இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். உங்கள் வாயிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு என் பிள்ளை இப்போது விலை கொடுக்கிறாள்.

அருள்மேரி

*

போச்சம்பள்ளி
25.05.2025

மேரிக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி கேன்டீனில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அன்று மத்தியானம் நல்ல பீஸ் இருபதை ரிஜெக்டில் போட்டுவிட்டேன் என்று சூப்பர்வைசர் என்னைப் பிடித்துக் கத்தினான்.

பட்டியலை மறுபடி போட்டேன். ஏழரை இல்லாமல் பார்த்தால் பச்சைத் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. நம் பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரி எல்லாம் சிவப்பு. மஞ்சளில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தனியார். அங்கே சேர்த்தால் நம் இரண்டு பேர் சம்பளமும் ஃபீஸுக்கே போதாது. தெற்கே கடைசியில் இரண்டு மூன்று அரசுக் கல்லூரி இருக்கிறது. வயசுப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப முடியாது என்று அவற்றை நான் அடித்துவிட்டேன்.

என் கேள்வி தப்பா இல்லையா என்பது அப்புறம். நான் ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொண்டு போனாயே, கிழக்கே போயிருக்கக் கூடாதா? எலத்தகிரியில் உன் தம்பி வீடு இருக்கிறது, கிருஷ்ணகிரி பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அங்கேயும் அரசுப் பள்ளி இருக்கிறது. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபித்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கலாம். பிள்ளைக்குப் பர்கூர் கிடைத்திருக்கும். மேற்கே போய்த்தான் கோபிக்க வேண்டுமா?

சரி, விடு. ஒரு வழி இருக்கிறது. அழகர்சாமி என்று ஒருவர். முன்பு ஓசூர் பக்கம் ஒரு பள்ளியில் எழுத்தராக இருந்தவர். ஏழாம் வகுப்பை அங்கே படித்ததாக முத்திரையோடு ஒரு சான்று வாங்கித் தருகிறேன் என்கிறார். கொரோனா நேரத்துப் பதிவேடு எல்லாம் குழம்பிக் கிடக்கிறது, யாரும் தோண்ட மாட்டார்கள் என்கிறார். நீ சரி என்றால் போய்ப் பார்க்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். உன் இஷ்டம்.

சூசை

*

ஓசூர்
29.05.2025

ரெனிட்டா அப்பாவுக்கு,

கோபத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் எந்தப் பக்கம் எந்த மாநிலம் என்று பார்த்துக்கொண்டா கிளம்புவாள்? மெயின் ரோட்டுக்கு வந்து நின்றேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அவள் புத்தகப் பை. முதலில் வந்தது அத்திப்பள்ளி பஸ், ஏறிவிட்டேன். எதிர்ப்பக்கம் கிருஷ்ணகிரி பஸ் முதலில் வந்திருந்தால் அதில் ஏறியிருப்பேன். உங்களை விட்டுப் போக வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது, திசை அல்ல.

அதற்குப் பிறகு ஒன்பதே மாதம். கொரோனா வந்து செக்போஸ்டை அடைத்தார்கள். அக்கா வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர். இந்தப் பக்கம் என் வேலை போய்விடும் போலிருந்தது. நீங்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். வேறு வழியில்லாமல் திரும்பி வந்தேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டுத்தான் வந்தேன் என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏறு" என்றுதான் சொன்னீர்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நான் சொல்லப்போவது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அந்தச் சான்றை வாங்குங்கள்.

ஒரு ஊதுவத்தியைக்கூட கடையில் கேட்காமல் எடுக்காதவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நேற்று விமல்ராஜ் சார் லைனிலேயே வந்து, "என்னக்கா, பொண்ணு எப்ப ஜாயின் பண்ணுது? தொப்பி சைஸ் சொல்லுங்க" என்றார். தொப்பிக்கு ஏது சைஸ்? விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்தால் ரெனிட்டா காலண்டர் பின்பக்கத்தில் நூற்று ஐம்பத்தெட்டரை, நூற்று ஐம்பத்தெட்டரை என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். எழுதினால் கூடுமா? இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பொய்யோ மெய்யோ, பிள்ளை வெளியே போகட்டும். பாவம் என்றால் அது என் கணக்கில் இருக்கட்டும்.

கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்க ஜூன் ஆறு கடைசித் தேதி. அதற்கு முன் அனுப்புங்கள். ரெனிட்டாவிடம் நான் சொல்லவில்லை.

அருள்மேரி

*

போச்சம்பள்ளி
03.06.2025

மேரி,

சான்று இந்தக் கவரிலேயே இருக்கிறது. தபாலை நம்பாமல், ஓசூர் வந்து போகும் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் கருப்பசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். மடிக்காமல் வை.

அழகர்சாமி சும்மா கொடுக்கவில்லை. பின்னால் யாராவது கேட்டால் தன் தலை தப்ப வேண்டும் என்று என்னிடம் ஒரு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "2019 ஜூன் முதல் 2020 ஏப்ரல் வரை நானும் என் மனைவி அருள்மேரியும் மகள் ரெனிட்டாவும் ஓசூரில் ஒரே வீட்டில் ஒன்றாக வசித்து வந்தோம்." ஒன்றாக என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. "என்னா சார், எழுத்து மறந்துடுச்சா?" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே வரியைச் சான்றின் அடியிலும் சேர்த்து முத்திரை குத்தினார்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். அந்தப் பத்து மாதமும் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திப்பள்ளி வரை பஸ்ஸில் வருவேன். உன் அக்கா தெரு முனையில் இறங்குவேன். என்ன சொல்வது என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். ஒரு தடவை ரெனிட்டா அந்த ஊர்ப் பிள்ளைகளோடு கன்னடத்தில் கத்திக்கொண்டு தெருவில் ஓடினாள். என்னைக் கவனிக்கவில்லை. என் பிள்ளைதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது, அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொய்யை எழுதிக் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று பஸ் ஸ்டாப்பில் நான் கேட்டது தப்பு மேரி. கேட்கும்போதே தப்பு என்று தெரியும். ஷிஃப்டில் எவனோ ஏதோ சொன்னான், அதை அவனிடம் கேட்கத் துப்பில்லாமல் உன்னிடம் கேட்டேன். பதினோரு பேர் முன்னால் கேட்டதை இந்த ஒரு காகிதத்தில் கேட்கும் மன்னிப்பு சரிக்கட்டாது. இருந்தாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு.

சூசை

*

ஓசூர்
08.06.2025

ரெனிட்டா அப்பாவுக்கு,

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். படித்தேன். ஆறு வருஷம் காத்திருந்த கடிதம், ஆனால் அதற்குப் பதில் எழுத இப்போது எனக்குத் தெம்பு இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள், பர்மிஷன் போட்டுவிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கூட்டம். எங்கள் முறை வந்ததும் நான் பையிலிருந்து சான்றை எடுத்து, கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையனிடம் நீட்டினேன். ரெனிட்டா குறுக்கே கை நீட்டி வாங்கிவிட்டாள். நின்றபடியே படித்தாள்.

"இது யாரு குடுத்தது?"

"யாரு குடுத்தா என்ன? போடு."

"அப்பாவா?"

"ஆமா. ரெண்டு பேரும் சேந்துதான். போடு சாமி, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"ரெண்டு பேரும் சேந்தா?" என்று கேட்டு ஒரு மாதிரி சிரித்தாள். அப்புறம் அந்தப் பையனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவளே தட்டினாள். ஏழாம் வகுப்பு என்ற இடத்தில் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஏழரை ஒதுக்கீடு கோருகிறீர்களா என்ற இடத்தில் இல்லை. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். பிடிப்பதற்குள் போனில் வந்த எண்ணையும் போட்டு அனுப்பிவிட்டாள்.

எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டேன். பதினெட்டு வயசுப் பிள்ளையை. அவள் அழவில்லை. சான்றை நான்காக மடித்து என் பைக்குள் வைத்து, "இத அப்பாகிட்டயே குடுத்துரு" என்றாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று கோவில் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது பிடித்துக்கொண்டதா என்றால், அதற்கும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

சான்றைத் திருப்பி அனுப்புகிறேன். பத்தாம் தேதி அவளைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கவுன்சிலிங்கில் ஏதாவது வருகிறதா என்று பார்க்கலாம், வராவிட்டால் கையில் அதுவாவது இருக்கும். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அருள்மேரி

*

போச்சம்பள்ளி
14.06.2025

மேரி,

அனுப்பாதே என்று சொல்ல நினைத்தேன். உன் கடிதம் கைக்கு வரும்போதே பன்னிரண்டாம் தேதி ஆகிவிட்டது. அவள் இந்நேரம் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருப்பாள்.

சான்றைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அழகர்சாமி போன் செய்து, "வேல ஆச்சா சார்?" என்றார். ஆகவில்லை என்றேன். நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழியைத் திருப்பிக் கேட்டேன். தர மாட்டேன் என்கிறார். நாம் மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம் என்ற காகிதம் அவர் பீரோவில் கிடக்கிறது.

அவளை அடித்ததற்கு உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இனி அடிக்காதே. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கும் புரியவில்லை. என் மேல் உள்ள கோபமா? நான் கொடுத்த பொருளைத் தொடக் கூடாது என்றா? அப்படி இருந்தால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன், பட்டியல்கூட இனிப் போடவில்லை.

சூசை

*

ஓசூர்
29.06.2025

ரெனிட்டா அப்பாவுக்கு,

தரவரிசை வந்துவிட்டது. பொதுவில் ஒரு லட்சத்துக்கு மேலே போய்விட்டது. இரண்டாம் சுற்றில் கூப்பிடுவார்களாம்.

எனக்கும் அவளுக்கும் ஒரே பஸ், ஒரே ஷிஃப்ட், அடுத்தடுத்த மேசை. முதல் வாரம் விரல் நுனியெல்லாம் கிழிந்துவிட்டது. இப்போது பழகிவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "உன் பொண்ணு கை உன்னவிட வேகம்" என்று சூப்பர்வைசர் பாராட்டினார். பாராட்டு என்று எண்ணி எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்காருகிறாள். பேசுவதில்லை. கல்லூரி வரிசை கொடுக்கும்போது என்னைப் பக்கத்தில் விடமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டாள். பட்டியலை நிறுத்த வேண்டாம், போட்டு அனுப்புங்கள். உங்கள் முதல் பட்டியலை அவள் தூக்கிப் போடவில்லை, தலையணை உறைக்குள் இருக்கிறது.

அருள்மேரி

*

ஓசூர்
08.08.2025

ரெனிட்டா அப்பாவுக்கு,

இடம் கிடைத்துவிட்டது. போடிநாயக்கனூர் அரசுப் பொறியியல் கல்லூரி, மெக்கானிக்கல். தேனிக்கு அந்தப் பக்கம், மலை அடிவாரமாம். நீங்கள் தூரம் என்று அடித்துவிட்ட கல்லூரிகளில் ஒன்று.

நேற்று அவள் கொடுத்த வரிசையை எனக்குக் காட்டினாள். பதினான்கு கல்லூரி. பதினான்கும் சேலத்துக்குத் தெற்கே. பர்கூர் இல்லை, தர்மபுரி இல்லை, சேலம்கூட இல்லை. "கெடைக்காட்டியும் ஒரு பேச்சுக்காவது பர்கூர மேல போட்டிருக்கலாமில்ல?" என்றேன். "கெடைச்சிட்டா என்ன பண்றது?" என்றாள்.

அப்போதுதான் கேட்டேன், அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய் என்று. இரண்டு மாதம் வாய் திறக்காதவள் நேற்று சொன்னாள். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"அந்த ஒரு வருஷந்தாம்மா வூட்ல சத்தமில்லாம இருந்துச்சு. பெரியம்மா வூட்ல எட வசதி இல்ல, சோறு பத்தல, ஆனா நான் காதப் பொத்திக்காம தூங்குனேன். காயிதத்துல அந்த வருஷம் நான் உங்க ரெண்டு பேரோட ஒண்ணா இருந்தேன்னு போட்டிருந்துச்சு. அந்தச் சத்தமில்லாத வருஷம் நடக்கவே இல்லன்னு நானே எப்பிடிம்மா எழுதித் தருவேன்? எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

நீங்கள் கேட்ட கேள்வி, நான் ஏறிய பஸ் என்று இத்தனை கடிதத்தில் நாம் எழுதித் தள்ளிவிட்டோம். நம் இருவரில் யார் மேல் தப்பு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

வேலையை விட்டுவிட்டாள். விமல்ராஜ் சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் வாங்கி வைத்திருந்த சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டார். முதல் பட்டதாரி என்பதால் ஃபீஸில் சலுகை உண்டாம், விடுதிக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த மேசைக்கு இன்று வேறு பிள்ளை வந்து நிற்கிறாள். எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினேழு வருஷம் இருக்கிறது.

புதன்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் சேலம் போய், அங்கிருந்து தேனி பஸ் பிடிக்க வேண்டும். கூட ஒருவர்தான் வர வேண்டும் என்கிறாள். "ரெண்டு பேரும் சேந்து வராதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். யார் என்று நம்மையே முடிவு செய்யச் சொன்னாள். நீங்கள் போக விரும்பினால் நான் நிற்கிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். பதிலைக் கருப்பசாமி அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள், தபால் என்றால் நேரம் ஆகிவிடும்.

அருள்மேரி

*

போச்சம்பள்ளி
11.08.2025

மேரி,

நீயே போ. லீவு கிடைக்காது என்பதற்காகச் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டேன்.

அந்த சேலம் பஸ் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்கும். அவளைச் சன்னல் பக்கம் உட்கார வை. நான் கீழே நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். வாயே திறக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்.

சூசை